நீரா பள்ளத்தாக்கும் நம் வீட்டுக் கறிவேப்பிலையும்

பிம்ப்ளே சௌதாகர் என்றால் இன்று நமக்கு அடுக்குமாடிக் கட்டடங்களும் டிராஃபிக்கும்தான் நினைவுக்கு வரும். நம்மவர்கள் பலர் குடியிருக்கும் அந்த இடம், 1917-இல் ‘லேண்ட் அண்ட் லேபர் இன் எ டெக்கான் வில்லேஜ்’ என்ற நூலுக்குப் பொருளான கிராமம். எழுதியவர் பூனா விவசாயக் கல்லூரி முதல்வர் ஹரால்ட் மான். அடிப்படையில் இவர் ரசாயனக்காரர். 1907-இல் இங்கே வருமுன் அஸ்ஸாமில் தேயிலை ஆராய்ச்சி செய்தவர். தேயிலை புளிப்பு மண்ணில் வளர்வது. இங்கோ எரிமலைப் பாறை கரைந்து உண்டான கரிசல். சுண்ணாம்பு கலந்த காரமண்.

மானும் அவரோடு வேலை பார்த்த தம்ஹானேயும் 1910-இல் நீரா பள்ளத்தாக்கின் உப்பு நிலங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என் மட்டில், நூலைவிட இதுவே முக்கியம். பாராமதிப் பக்கம் கால்வாய் வந்தது, கரும்பு வந்தது. சில வருஷத்தில் வயலில் வெள்ளை பூத்தது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்தபோது காரணம் புலப்பட்டது. பாய்ச்சிய நீர் வடியாமல் நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. அடியில் கிடந்த உப்பு அதோடு மேலேறி, நீர் ஆவியானபின் தங்கிவிடுகிறது. உரம் போட்டுத் தீருகிற வியாதியா இது? வடிகால் வெட்ட வேண்டும். பி.எச். என்ற அளவையே டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல்தான் அறிமுகப்படுத்தினார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் 1955-56-இல் நாடெங்கும் மண் பரிசோதனைக் கூடங்கள் வந்தன. 2015-இல் மண்வள அட்டையும் வந்தது. தளேகாவ் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாக்காரர்கள், கரிசலில் நீர் வடியாது என்பதால் சிவப்பு முரும் மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து பாத்தி கட்டி, சோதித்த பிறகே செடி வைக்கிறார்கள்.

நம் வீட்டில் கறிவேப்பிலை வெளுத்தால், “புளிச்ச மோர் ஊத்து, சரியாயிடும்” என்பார்கள் பெரியவர்கள். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இளம் இலை வெளுத்தால், பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டாமல் செய்துவிடும். மோரின் புளிப்பு கொஞ்சம் உதவும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு உண்டு.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் விளிம்பில் வெள்ளை படிகிறதே, அது நீராவில் நடந்ததுதான், சின்ன அளவில். மண் பரிசோதனை அறிக்கை வந்தால் நம்மவர்கள் நேரே தழை, மணி, சாம்பல் சத்துக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன் பி.எச்.சுக்குப் பக்கத்தில் ‘இ.சி.’ என்றொரு எண் இருக்கும்; அது உப்பின் அளவு. 1-ஐத் தாண்டியிருந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, முதலில் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.