வெயிலைப் பூட்டி வைத்த அறை: உப்பு, கஞ்சா, சட்டம்

முத்தையாபுரத்து உப்பளத்தில் வேலை என்பது மூன்று விஷயங்களைக் கணித்துக்கொண்டே இருப்பது: வெயில், சூடு, காற்றின் ஈரம். நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, போமே கருவியில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விழத் தொடங்குகிறது. காற்றில் ஈரம் கூடினால் நீர் வற்றுவது மந்தப்படும். அகாலத்தில் ஒரு மழை அடித்தால் வாரக்கணக்கான உழைப்பு கரைந்துபோகும். வெயில் இங்கே இனாம். அதற்கான விலையை, வெள்ளைத் தரையின் கூசலில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் கண்கள் கட்டுகின்றன.

இதே மூன்றையும் நாலு சுவருக்குள் உண்டாக்கிக் காட்டும் ஒரு தொழிலும் உலகத்தில் இருக்கிறது. அறைக்குள் கஞ்சா வளர்ப்பது. அங்கே சோடியம் விளக்கோ எல்இடியோ சூரியனாகிறது. விளக்கு கக்கும் சூட்டைத் தள்ள மின்விசிறியும் ஏசியும் வேண்டும். இலைகள் விடும் ஈரத்தை இழுக்க இன்னொரு இயந்திரம், இல்லாவிட்டால் பூவில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றை வெளியே தள்ளினால் வாசனையும் சேர்ந்து தெருவுக்குப் போகும், அதற்கொரு கரி வடிகட்டி. ஒன்றைச் சரிபண்ணப் போனால் இன்னொன்று கெடும். களை மாதிரி ரோட்டோரம் முளைக்கிற செடிக்கு ஏன் இத்தனை ஜோடனை? தோட்டக்கலைப் புத்தகம் இதற்கு அரைப் பதில்தான் சொல்லும். மீதிப் பதில் சட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

அந்த வரலாறு நம்ம உப்பளத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. காலனியச் சென்னை மாகாணத்தில் உப்பையும் போதைப் பொருட்களையும் மேற்பார்த்தது ஒரே இலாகா, உப்பு–அப்காரி இலாகா. அப்காரிச் சட்டம் 1886இல் வந்தது, உப்புச் சட்டம் 1889இல். பாத்தியில் விளைவதும் செடியில் விளைவதும் அரசுக்கு ஒன்றுதான், இரண்டும் வருமானம். அப்போது கஞ்சா வெட்டவெளியில் விளைந்தது. ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணா மாவட்டத்திலும் அதற்கெனச் சாகுபடி இருந்தது. அரசின் அக்கறை எத்தனை விளைகிறது, வரி எவ்வளவு என்பதில்தான் இருந்தது. எண்ணுவதற்கு வசதியாகச் செடி வெயிலில் நின்றாக வேண்டும்.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்குவாதிகள் எழுப்பிய கேள்வியின் பேரில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைந்தது. மெக்வொர்த் யங் தலைவர். மூன்று இந்தியர்கள் உறுப்பினர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளில் அறிக்கை எழுதினார்கள். மிதமான உபயோகத்தால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை, முழுத்தடை அவசியமும் இல்லை, உசிதமும் இல்லை, தடைசெய்தால் மக்கள் இதைவிடக் கேடான போதைக்குப் போவார்கள் என்பது முடிவு. காலனிய அரசின் கரிசனம் என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. வரி வருகிற வழியை யாரும் அடைக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடைசி எச்சரிக்கை மட்டும் நூறு வருஷம் கழித்தும் நம்மைத் துரத்துகிறது.

செடி அறைக்குள் போன கதைக்கு இப்போது வரலாம். 1912 வாக்கில் பாரிஸில் ஜூலியன் டூர்னுவா என்கிற தாவரவியலாளர், குளிர்காலத்துக் கண்ணாடி வீட்டில் விதைத்த சணற்செடி சீக்கிரமே பூப்பதைக் கவனித்தார். பகல் குறுகுவதே செடிக்குப் பூக்கும் நேரத்தைச் சொல்கிறது என்ற அறிவின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.  1983இல் கலிஃபோர்னியாவில் கஞ்சா அழிப்பு இயக்கம் ஹெலிகாப்டர்களோடு மலைகளுக்குள் இறங்கியது. வானத்திலிருந்து பார்க்க முடிந்ததெல்லாம் ஆபத்தானது. வெயில் கொட்டிக் கிடக்கிற அந்த ஊரிலேயே செடி கூரைக்கடியில் நகர்ந்தது. 1989 அக்டோபரில் அமெரிக்க மத்திய போதைத்தடுப்புத் துறை விளக்கும் தோட்டச் சாமானும் விற்கிற கடைகளைச் சோதனையிட்டது. பல்பு வாங்கியவனும் சந்தேக நபரானான்.

அடுத்து வெப்பம். 1992இல் ஓரிகன் மாநிலத்தின் ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில், ஒரு வீட்டின் சுவரிலிருந்து கசியும் சூட்டை வெப்பக் கேமரா வைத்துத் தெருவிலிருந்தே படித்தார்கள் அதிகாரிகள். பிடியாணையில்லாமல் அப்படிப் பார்ப்பது சட்டவிரோதச் சோதனை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2001இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒளி மின்கட்டணத்தில் மாட்டிக்கொள்கிறது, சூடு கேமராவில், ஈரக்காற்றின் வாசனை பக்கத்து வீட்டு மூக்கில். ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பு இங்கே மனித உடம்பைத் தாண்டி, ஒரு அறையின் தட்பவெப்பத்தையே வாக்குமூலமாக வாங்கிக்கொள்கிறது.

மறைந்திருப்பது செடியையும் மாற்றிவிட்டது. ஒவ்வொரு சதுர அடிக்கும் கரண்ட் செலவாகும்போது உயரமாய், நிதானமாய் வளர்கிற செடி கட்டுப்படியாகாது. குட்டையாக, சீக்கிரம் பூக்கிற, போதை கூடிய ரகங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் டிஎச்சி அளவு 1995இல் சுமார் 4 சதவீதம், 2014இல் சுமார் 12. அறை ஒன்றே காரணமில்லை, ஆனால் அதன் கணக்கு அந்தத் திசையில்தான் தள்ளுகிறது. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயம் கூடுகிறது என்று 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. 1894 அறிக்கை அஞ்சிய ‘கேடான போதை’ வேறெங்கிருந்தும் வரவில்லை. அதே செடியிலிருந்து வந்தது.

சட்டம் விலகினால் விளக்கு அணையுமா? அணையவில்லை. கொலராடோ மக்கள் 2012இல் வாக்களித்துத் தடையை நீக்கினார்கள். அறைகள் கிட்டங்கிகளாகப் பெருத்தன. திருட்டு அறையில் பழகிய முறை மூலதனத்தின் முறையாயிற்று. உள்ளறைக் கஞ்சா அமெரிக்க மின்சாரத்தில் சுமார் 1 சதவீதத்தை விழுங்குகிறது என்று 2012இல் ஒரு கணக்கு வெளிவந்தது. ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு 2 முதல் 5 டன் வரை கரியமில வாயு என்றது 2021 ஆய்வு. இனாமாய்க் கிடைக்கிற வெயிலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, நிலக்கரியை எரித்து வெயில் செய்கிறார்கள்.

இந்தியாவில் பாதை வேறு. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. கஞ்சா 1961 சர்வதேச ஒப்பந்தத்தின் வழியாக 1985 நவம்பரில் போதைப்பொருள் சட்டத்துக்குள் அடைபட்டது. பூ கஞ்சா, அது குற்றம். பூவில்லாத இலை பாங், அது சட்டத்தின் வரையறைக்கு வெளியே. உத்தரப் பிரதேசத்தில் அதற்கு அரசு உரிமம் பெற்ற கடையே உண்டு. ஒரே செடியில் கோடு போட்டுப் பிரித்தது தாவரவியல் இல்லை. சாகுபடி செய்தால் 10 வருஷம் வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் கையில் இருந்தால் குறைந்தபட்சமே 10 வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது.

தூத்துக்குடி சுமார் 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 மணி நேரம். ஆம்ஸ்டர்டாமில் அது சுமார் 9 மணி நேரம். குளிரும் மழையும் முந்திக்கொள்கிற வடக்கத்தியான் விளக்குப் போட்டால் அதிலே ஒரு நியாயமாவது இருக்கிறது. இந்தக் கரையில் அப்படி ஒரு அறைக்குப் போலீஸைத் தவிர வேறு காரணமே கிடையாது. ஆனால் இங்கே மாட்டுகிறவர்கள் அறை வைத்திருப்பவர்களும் இல்லை. ஆந்திர–ஒடிஷா எல்லை மலைகளில் வெயிலில் விளைந்த பொட்டலங்கள் இந்தக் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகின்றன. பிடிபடுவது பெரும்பாலும் சுமக்கிறவன், வண்டி ஓட்டுகிறவன், படகில் ஏறியவன். விளக்குக்கும் ஏசிக்கும் முதல் போட வசதியுள்ளவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு அறையாவது இருக்கிறது. இவனுக்குக் கடலும் மணலும்தான், அங்கே எல்லாமே தெரியும்.

2020 டிசம்பரில் ஐநா ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. உள்ளூர்ச் சட்டம் அசையவில்லை. நாளைக்கு அது அசையலாம். அப்போது உரிமம் யாருக்குப் போகும்? ஏசி போட்ட கிட்டங்கிக்கா, மலையில் கால் ஏக்கர் வைத்திருப்பவனுக்கா? ஏற்கெனவே 10 வருஷம் உள்ளே கிடப்பவனின் கணக்கை யார் தீர்ப்பது? உப்பில் வரி மட்டும்தான் போனது. அளம் யார் கையில் இருக்கிறது, வாருகிறவர் யார் என்பது முத்தையாபுரத்துக்குத் தெரியும். கஞ்சாவைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற நம் இயக்கங்கள் இந்தக் கேள்வியையாவது இப்போதே கையில் எடுக்க வேண்டும்.