ரன்மாவுக்கு மறுபடியும் சுடுதண்ணி கிடைத்த கதை

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. ரிலீஸ் முடிஞ்சிருச்சு, பக் எதுவும் இன்னும் கிளம்பல. சரி, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு மேட்டரை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். 'ரன்மா ½' என்கிற ஜப்பானிய அனிமே. அதுலயும் 1989 அக்டோபரில் ஆரம்பித்த அதன் இரண்டாம் பருவம். அதுலயும் அந்தப் பருவத்தின் முதல் நாலு எபிசோட். "பொம்மைப் படத்துக்கு என்னய்யா வரலாறு?" என்று கேட்கிற மக்கள் கொஞ்சம் பொறுமையா கூட வாங்க. ஊத்தி மூடின கடையை 34 நாளில் திரும்பத் திறந்த கதை இது.

தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி முன்கதை. ரன்மா ஒரு பையன். அப்பாவோடு தற்காப்புக்கலை பயிற்சிக்காக சீனா போகிறான். அங்கே சிங்ஹாய் மாகாணத்தில் ஜூசென்க்யோ என்று சபிக்கப்பட்ட ஊற்றுகள். எந்த ஊற்றில் விழுகிறோமோ, அதில் முன்னொரு காலத்தில் மூழ்கிச் செத்த உயிராக மாறிவிடுவோம். ரன்மா விழுவது பெண் மூழ்கிய ஊற்றில். அன்னியிலிருந்து பச்சைத்தண்ணி பட்டால் பெண், சுடுதண்ணி பட்டால் மறுபடி ஆண். அப்பா விழுந்தது பாண்டா ஊற்று. ஊர் திரும்பினால், இவனைக் கேட்காமலேயே அப்பா தன் நண்பரிடம் பேசி முடித்து வைத்திருக்கும் நிச்சயதார்த்தம். பொண்ணு பெயர் அகானே. ரெண்டு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. (ஆகாதுன்னா... ஆகும். புரியும்ல?)

எழுதி வரைந்தவர் ரூமிகோ தகஹாஷி. ஷோனென் சண்டே வார இதழில் 1987இல் ஆரம்பித்து 1996 வரை ஓடிய மங்கா, 38 தொகுதிகள். அவருடைய 'உருசெய் யாட்சுரா'வும் 'மேசோன் இக்கொக்கு'வும் ஃபுஜி டிவியில் 1981இலிருந்து 1988 வரை ஒன்றன் பின் ஒன்றாக, அதே புதன்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஓடியவை. அதனால் மூன்றாவதாக ரன்மா வந்தபோது அதுக்கும் நல்ல இடமாகவே கொடுத்தார்கள். 1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு 7.30. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கிற நேரம்.

நல்ல இடம்தான், ஆனா எதிரே இருந்தது யாரு? டிபிஎஸ் சேனலில் அதே சனிக்கிழமை அதே ஏழரைக்கு 'குவிஸ் டெர்பி'. 1976லிருந்து ஓடிக்கொண்டிருந்த வினாடி வினா, குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி. போதாததுக்கு ரன்மா எல்லா வாரமும் வந்த மாதிரியும் தெரியவில்லை. நான் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன் (பொட்டி தட்டுறவன் புத்தி). ஏப்ரல் 15லிருந்து கடைசி எபிசோட் வந்த செப்டம்பர் 16 வரை மொத்தம் 23 சனிக்கிழமைகள். வந்தது 18 எபிசோட். ஐந்து வாரம் காணோம். ஒரு தொடர்கதையை இப்படி விட்டு விட்டு போட்டா எவன் பார்ப்பான்? ரேட்டிங் தேறவில்லை. பதினெட்டோடு ஊத்தி மூடிட்டாங்க.

இந்த இடத்தில் பெரும்பாலான தொடர்கள் செத்துப் போகும். இது அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. நேரம் மாலை 5.30. பெரியவங்க ஆபீஸில் இருக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மட்டும் டிவி முன்னாடி இருக்கிற நேரம். நம்மூர் பாஷையில் சொன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. புதுப் பருவத்துக்கு வைத்த பெயரைக் கவனிக்கணும். 'ரன்மா ½ நெத்தோஹென்'. நெத்தோ என்றால் சூடான சண்டை, அனல் பறக்கும் மோதல். ஆனால் வேறு எழுத்தில் எழுதினால் அதே உச்சரிப்புக்கு 'கொதிக்கிற தண்ணி' என்று அர்த்தம். காதால் கேட்கும்போது ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆக இந்தப் பருவத்தின் பெயரே சுடுதண்ணிப் பருவம்! ஆங்கிலத்தில் வந்தபோது இந்தச் சிலேடை அப்படியே ஆவியாகிவிட்டது.

ஆளும் மாறினாங்க. முதல் பதினெட்டை இயக்கியவர் தோமோமிட்சு மொச்சிசுகி. 'மேசோன் இக்கொக்கு' கடைசிப் படத்தை 1988இல் எடுத்தவர், பின்னால் 1993இல் கிப்லிக்காக 'ஓஷன் வேவ்ஸ்' எடுக்கப் போகிறவர். அமைதியான காதல் கதைக்காரர். அந்தப் பதினெட்டில் அகானே சும்மா ஜன்னல் பக்கம் நின்று யோசிக்கிற காட்சிகூட நிதானமாக வரும். நெத்தோஹென்னில் பொறுப்பு கோஜி சவாய் கைக்குப் போனது, வேகம் ஏறியது. தொடக்கப் பாட்டு அந்த வருஷம்தான் அறிமுகமான 'ரிப்பன்' என்கிற மூன்று பெண்கள் குழுவுடையது. அதில் ஒருவரான ஹிரோமி நாகசாகு பிறகு பேர் சொல்லும் நடிகை ஆனார்.

முதல் எபிசோட் சாப்பாடு டெலிவரி பந்தயம். கையில் கிண்ணத்தோடு, சிந்தாமல், அடிதடி நடத்திக்கொண்டே ஓடணும். ஜாலி மொக்கை, அவ்வளவுதான். புதுசா வருகிற குழந்தைகளை உட்கார வைக்க ஒரு ஓட்டப்பந்தயம் போட்டிருக்காங்க என்றுதான் எனக்குத் தோன்றியது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் இரண்டாவதில் ஆரம்பிக்குது. ரன்மாவுக்கு பூனை என்றால் பயம். சாதாரண பயம் இல்லை, உடம்பு விறைத்து கத்துகிற பயம். காரணம் அப்பா. 'நெகோகென்', அதாவது பூனை முஷ்டி என்று ஒரு கலை. அதைக் கற்றுக்கொடுக்க, சின்னப் பையனான ரன்மா உடம்பு முழுக்க மீன் பண்டத்தைச் சுற்றிக் கட்டி, பட்டினி போட்ட பூனைகள் நிறைந்த குழியில் தள்ளிவிடுகிறார். மறுபடி மறுபடி தள்ளுகிறார். அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில், இது முட்டாள்தனம், யாரும் செய்யாதீர்கள் என்கிற மாதிரி எச்சரிக்கை இருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பயம் எல்லை மீறினால் ரன்மா தன்னையே பூனை என்று நினைத்துக்கொண்டு எதிரில் இருப்பதையெல்லாம் கிழிப்பான். சின்ன வயதில் அவனை அடக்க முடிந்தது ஒரு பாட்டியால் மட்டும்தான். இப்போது அகானேவின் மடியில் போய் சுருண்டுகொள்கிறான்.

இதைக் காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து முதல் தடவை பார்த்தபோது ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. கொசுவத்தியை ஒரே ஒரு சுத்து சுத்திக்கிறேன். எங்கள் ஊரில் நீச்சல் பழக்குவது கிணற்றில்தான். இடுப்பில் கயிறு கட்டி, மேலேயிருந்து தள்ளிவிடுவது. எனக்கு ஏழு வயசு. பம்புசெட் கிணறு. கயிறைப் பிடித்திருந்த அப்பா பக்கத்து வயல்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் கொஞ்சம் தாமதமாக இழுத்தார். சில நொடிதான் இருக்கும். இன்றைக்கும் எனக்கு ஷவருக்குக் கீழே முகத்தைக் காட்ட முடியாது, மக்குல எடுத்து ஊத்திக்குறேன். அப்பா நல்ல மனுஷர். அதை அவர் இன்னமும் சிரிச்சுக்கிட்டேதான் எல்லாரிடமும் சொல்லுவார். தகஹாஷியின் பலமே இதுதான்னு நினைக்கிறேன். சிரிப்பை முதலில் கொடுத்துடுவாங்க, மத்தது மெதுவா வந்து சேரும்.

மூன்றாவது எபிசோடில் கொலோன் பாட்டி வருகிறாள். முதல் பருவத்தின் கடைசியில் வந்து போன ஷாம்பூ என்கிற சீனப் பெண்ணின் கொள்ளுப்பாட்டி, பெண் வீரர்கள் கிராமத்தின் தலைவி. (ஷாம்பூ, கொலோன், அப்புறம் வரப்போகும் மூஸ். அந்தக் கிராமத்துக்காரங்க பேரெல்லாம் குளியலறை அலமாரியிலிருந்து எடுத்தது.) ஷாம்பூவும் இப்போது ஒரு ஊற்றில் விழுந்துவிட்டு வந்திருக்கிறாள். பச்சைத்தண்ணி பட்டால் பூனை. எந்தப் பிராணிக்கு நம்ம ஆள் பயப்படுவானோ சரியாக அதே பிராணி! போன வாரம் பார்த்த அப்பாவின் குழி, இந்த வாரம் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி வீட்டுக்கே வந்து நிற்குது.

பாட்டி செய்கிற வேலைதான் முக்கியம். ரன்மா உடம்பில் ஒரு வர்மப் புள்ளியை அழுத்துகிறாள். அதன் பெயர் முழு உடல் பூனை நாக்கு. ஜப்பானியத்தில் 'பூனை நாக்கு' என்பது புழக்கத்தில் இருக்கிற வார்த்தை, சூடா எதையும் குடிக்க முடியாதவங்களைச் சொல்வது. இங்கே உடம்பு முழுக்கவே பூனை நாக்கு. வெதுவெதுப்பான தண்ணி பட்டாலே தீயா எரியும். அதாவது ரன்மா இனி ஆணாக மாற முடியாது. மருந்து பாட்டியிடம் இருக்கிறது, வேகத்தில் அவளை ஜெயித்துப் பிடுங்கணும். அதற்காக நாலாவது எபிசோடில் தீயில் கிடக்கும் செஸ்ட்நட் கொட்டைகளை வெறும் கையால், கை சுடுவதற்குள் பொறுக்கிப் பழகுகிறான்.

இந்த வித்தையின் பெயரிலும் ரெண்டு குறும்பு. தியான்ஜின் பெயரில் ஜப்பானியத் தெருக்களில் விற்கும் வறுத்த இனிப்பு செஸ்ட்நட் ஒன்று. 'தீயிலிருந்து செஸ்ட்நட் பொறுக்குவது', அதாவது அடுத்தவனுக்காக ஆபத்தில் கைவிடுவது என்கிற ஜப்பானிய வழக்கு இன்னொன்று. இந்த வழக்கு வந்தது பிரெஞ்சுக்காரர் லா ஃபொந்தேன் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நீதிக்கதையிலிருந்து. கதையில் குரங்கு ஏமாற்றி, தீயிலிருந்து கொட்டை பொறுக்க வைப்பது யாரை? பூனையை! பூனை பயம், பூனைப் பெண், பூனை நாக்கு, கடைசியில் பூனை பொறுக்கிய செஸ்ட்நட். கொலோன் நடத்தும் சாப்பாட்டுக் கடை பெயரும் பூனைக் கடைதான். மூன்று வாரம் ஒரே பூனையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்காங்க. தனித்தனி கூத்து மாதிரி தெரிகிற எபிசோடுகளுக்கு அடியில் இப்படி ஒரு நூல் ஓடுறது, மூணாவது தடவை பார்க்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

ரசிகர்கள் மத்தியில் ரொம்ப வருஷமா ஒரு சண்டை உண்டு. முதல் பதினெட்டுதான் நிஜ ரன்மா, நெத்தோஹென் வெறும் கூத்து என்று ஒரு கோஷ்டி. இதில் பாதியை நான் ஒத்துக்கறேன். நெத்தோஹென் 143 எபிசோட் ஓடியது, ரெண்டும் சேர்த்து 161. அதில் எத்தனையோ வாரம் ஆரம்பித்த இடத்திலேயே கதை முடியும். அகானேவும் ரன்மாவும் ஒரு அடி முன்னே வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அது அழிந்துவிடும். 1992 செப்டம்பர் 25 அன்று நின்றபோது மங்காவே முடிந்திருக்கவில்லை.

ஆனால் இந்த முதல் மாசத்தைக் கூத்து என்று தள்ளுவதை நான் ஒத்துக்க மாட்டேன். யோசிச்சுப் பாருங்க. முதல் பதினெட்டில் பெண்ணாவது என்பது ஒரு கெண்டி தண்ணியில் தீர்கிற பிரச்சினை. அடுப்பு எங்கே இருக்கு என்பதுதான் கேள்வி. நெத்தோஹென் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கெண்டியைப் பிடுங்கிக்கொள்கிறது. சுடுதண்ணி என்று பெயர் வைத்த பருவம், கதாநாயகனிடமிருந்து சுடுதண்ணியைப் பறிக்கிறது! தலைப்பில் இருக்கிற அரை, முதல் தடவையாக முழுசாகிவிடுமோ என்று பயம் வருது. இது மங்காவில் ஏற்கெனவே இருந்த கதைதான். ஆனால் இடம் பறிபோய், மாலை ஐந்தரைக்குத் தள்ளப்பட்டவர்கள், எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு கனமானதை எடுத்து வைத்தது துணிச்சல்.

அந்த மாதங்களில் பெண் ரன்மாவுக்குக் குரல் கொடுத்த மெகுமி ஹயாஷிபராவுக்கும் இது லாபம். கதை முழுக்க அவர் குரலில்தானே நடந்தாகணும்? 1995இல் 'எவாஞ்செலியன்' ரேயாக உலகம் அவரைக் கேட்டது. ஆண் ரன்மா கப்பெய் யமாகுச்சி பிறகு 'கோனன்' தொடரின் ஷினிச்சி. அந்த ஷினிச்சி சின்னப் பையனாகச் சுருங்கினால் வரும் கோனனுக்குக் குரல் மினாமி தகயாமா, ரன்மாவில் அகானேவின் அக்கா நபிகி. ஒரு ஆள் ரெண்டு உடம்பு வேலை யமாகுச்சியை விடவே இல்லை.

2024 அக்டோபரில் மப்பா ஸ்டூடியோ ரன்மாவைப் புதுசாக எடுத்தபோது இவங்க மூணு பேருமே திரும்பி வந்தாங்க, 35 வருஷம் கழித்து. அதன் இரண்டாம் பருவம் 2025 அக்டோபர் 4இல் ஆரம்பித்தது. இந்தத் தடவை இடையில் யாரும் ஊத்தி மூடவில்லை, ஒரு வருஷம் கழித்து நிதானமாக வந்தது. நெட்ஃபிளிக்ஸில் இருந்ததால் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை உட்கார வைத்தேன். புதுசைக் காட்டி முடித்துவிட்டு, லேப்டாப்பில் பழைய பூனைக் குழி எபிசோடையும் போட்டேன். ஜப்பானியம் புரியாததால் நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். குழியைப் பார்த்து நல்லா சிரித்தார். புத்தகம் வந்ததும், "அந்தப் பக்கத்துல என்னடா எழுதியிருக்கு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசல.

"அந்தக் கயிறு நல்ல கயிறுதாண்டா" என்றார்.

பி.கு.: பார்க்க நினைப்பவர்கள் முதல் பதினெட்டைத் தாண்டிக் குதிக்காதீங்க. குறைந்தபட்சம் 15லிருந்து 18 வரையாவது பார்த்துட்டு வாங்க, ஷாம்பூ யார்னு அதுலதான் இருக்கு. டெலிவரி பந்தயத்தை விட்டாலும் பாதகமில்லை.