வாய் அறுவைத் தையல் இழைகள்

ஞானப்பல் அகற்றல், ஈறு அறுவை, செயற்கைப் பல்வேர் பதித்தல் ஆகியவற்றுக்குப் பின் காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் இழைகள். வாயில் உமிழ்நீரும் பாக்டீரியாக்களும் எப்போதும் இருப்பதால், இழையின் தன்மை ஈறு ஆறும் விதத்தைப் பாதிக்கிறது.

பின்னல் இழை: பட்டு மென்மையானது, முடிச்சு நழுவாது, கன்னத்தையும் நாக்கையும் உறுத்தாது. ஆனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அதன் புரிகள் உமிழ்நீரையும் பாக்டீரியாக்களையும் காயத்துக்குள் இழுக்கின்றன. அதனால் தையலைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கக்கூடும்.

ஒற்றை இழை: நைலான், பாலிப்ரொப்பிலீன், பி.டி.எஃப்.ஈ. ஆகியவற்றின் வழவழப்பான பரப்பில் அழுக்கு குறைவாகவே படியும், அழற்சியும் குறைவு. நைலானின் வெட்டுமுனை கன்னத்தைக் குத்தும். முடிச்சு தளராதிருக்கக் கூடுதல் சுற்றுகள் தேவை.

கரையும் இழை: ஆடு, மாட்டுக் குடலிலிருந்து செய்யப்படும் கேட்கட்டை உடலின் நொதிகள் சிதைக்கின்றன, அப்போது அழற்சி கூடுகிறது. குரோமியம் உப்பில் பதப்படுத்தினால் அது மெதுவாகக் கரையும். செயற்கை இழையான பாலிகிளாக்டின் 910 நீராற்பகுப்பால் 56 முதல் 70 நாளில் உடலில் கரைகிறது. திசு எதிர்வினையும் குறைவு.

தையலும் பராமரிப்பும்: எந்த இழையானாலும் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஈறு வெளிறும், விளிம்பு அழுகவும் கூடும். கரையாத தையல் பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிக்கப்படும். வெளியே கிடந்த அழுக்குப் பகுதி திசுவுக்குள் நுழையாதபடி, இழையை ஈற்றை ஒட்டி வெட்டி உருவ வேண்டும்.