பற்றாக்குறையா, பங்கீடா? தாம்பரத்திலிருந்து ஒரு பொருளியல் வினா

அளவற்ற தேவைகளுக்கும் அளவுபட்ட வளங்களுக்கும் இடையே மனிதர் செய்யும் தேர்வை ஆராய்வதே பொருளியல் என 1932இல் லயனல் ராபின்ஸ் வரையறுத்தார். இன்றளவும் பாடநூல்களை ஆளும் வரையறை இது. விளைந்த செல்வம் எவ்வகுப்பாருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையே 1817இல் தலையாய சிக்கலாகக் கொண்டிருந்தார் ரிக்கார்டோ. அவ்வினா மெல்லப் பின்தள்ளப்பட்டது.

அதனை மீட்டோருள் ஒருவர் நமக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர். 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1940களில் பொருளியல் கற்பித்த மால்கம் ஆதிசேஷய்யா, 1971இல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதே கல்லூரியின் பேராசிரியர் சி.டி. குரியன் 1978இல் அதன் இயக்குநரானார். வளம் யாருடைய உடைமை, உழைப்பவர் யார், விளைவில் யாருக்கு என்ன உரிமை என்னும் மனித உறவுகளின் அமைப்பே பொருளாதாரம் என்பது, 2024இல் மறைந்த அவரது நிலைப்பாடு. 1950 முதல் 1975 வரையிலான தமிழகக் கிராமப்புற மாற்றத்தை ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட நூலைப் புரட்டினால், உற்பத்தி பெருகியும் நிலமற்றோர் வறுமை ஏன் தீரவில்லை என்பது விளங்கும்.

நஜஃப் நகரின் ஷியா அறிஞர் முஹம்மத் பாக்கிர் அஸ்ஸத்ர், 'இக்திஸாதுனா' நூலில் வேறு வழியாக இவ்விடத்துக்கே வருகிறார். திருக்குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயம் 32 முதல் 34 வரையான வசனங்களை ஆதாரமாக்கி, குறை இயற்கையில் இல்லை என்கிறார். பங்கீட்டில் மனிதன் இழைக்கும் அநீதியும், இறைவனின் அருட்கொடைகளைப் பயன்படுத்தாத நன்றிகேடுமே சிக்கலின் வேர் என்பது அவர் முடிவு. கொள்கை வேறுபாடுகளை ஒருபுறம் வைத்துவிட்டு நாம் பயிலவேண்டிய நூல் இது.

ஸத்ர் வட்டியில்லா வங்கி குறித்தும் ஒரு நூல் எழுதினார். 1975இல் துபாய் இஸ்லாமிய வங்கி தொடங்கிய பின்னர் இஸ்லாமியப் பொருளியல் என்றாலே வங்கி என்றாகிவிட்டது. வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைமை பற்றிய வினாவை விட்டுவிட்டு வட்டியை மட்டும் பேசுவது, ராபின்ஸின் வரையறைக்குள்ளேயே நாமும் குடியேறுவதாகும் என்றே கருதுகிறோம்.

குரியன் முறையில் கள ஆய்வு செய்ய நம்மிடமே பொருள் உண்டு. வக்ஃபு நிலங்களை உழுவோர் யார், கடைகளுக்கு வாடகை எவ்வளவு, அதன் பயன் எந்த ஏழைக்குச் சேர்கிறது? தாம்பரத்தை அடுத்த வண்டலூரில், 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கிரசென்ட் இன்று பல்கலைக்கழகத் தகுதியுடன் விளங்குகிறது. ஓர் ஊரின் வக்ஃபுப் பதிவேட்டிலிருந்து அங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவர் தொடங்கலாம்.