மின்மிதிவண்டிப் பழுதுபார்ப்பு ஸ்டாண்டு

மின்மிதிவண்டிப் பழுதுபார்ப்பு ஸ்டாண்டு என்பது மோட்டாரும் பேட்டரியும் பொருத்திய மிதிவண்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சக்கரமும் பெடலும் தடையின்றிச் சுழலும்படி பிடித்துக்கொள்ளும் கருவி. தமிழில் ‘சைக்கிள் ஸ்டாண்டு’ என்றால் வண்டியோடு ஒட்டிய காலும் உண்டு, காசு கொடுத்து வண்டியை விட்டுச்செல்லும் இடமும் உண்டு. இங்கே அச்சொல் பழுதுபார்க்கும் கருவியைக் குறிக்கிறது. கருவி புதிதல்ல, வண்டியின் எடைதான் புதிது. 12 முதல் 15 கிலோ எடையுள்ள வண்டிக்காக வடிவமைத்த ஸ்டாண்டில் 25 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி ஏறும்போது என்ன ஆகிறது என்பதை வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு

மிதிவண்டி பழுதுபார்ப்பது நெடுங்காலம் குனிந்தும் குந்தியும் செய்த வேலை. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஹேசல் பார்க் பகுதியில் கடை வைத்திருந்த ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ரம் இருவரும் நாள் முழுக்கக் குனிந்து அலுத்துப்போய் 1963-இல் தாங்களே ஒரு ஸ்டாண்டைச் செய்துகொண்டார்கள். மடக்கு உணவு மேசை ஒன்றின் பாகம், 1937-ஆம் ஆண்டு ஃபோர்டு லாரியின் அச்சு, கான்கிரீட் நிரப்பிய குண்டு உறை ஆகியவை சேர்ந்ததுதான் அந்த முதல் மாதிரி. கையில் கிடைத்ததைக்கொண்டு செய்ததானாலும் அடிப்படை சரியாக இருந்தது: பிடிக்க ஒரு கவ்வி, உயர ஒரு தூண், கவிழாமலிருக்கக் கனம். மிதிவண்டி உற்பத்தியாளரான ஷ்வின் நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கும் இத்தகைய ஸ்டாண்டைச் செய்துதரக் கேட்டது. ‘பார்க் டூல்’ என்ற கருவி நிறுவனம் இப்படித்தான் வளர்ந்தது. ஹேசல் பார்க்கிலிருந்த ‘பார்க்’ அதன் பெயரில் நின்றுவிட்டது.

ஸ்டாண்டு தோன்றியதன் காரணம் மெக்கானிக்கின் முதுகு. வண்டியைத் தூக்கி மாட்டுவது அன்று ஒரு பொருட்டே அல்ல. மின்மிதிவண்டி இந்தக் கணக்கைக் குலைத்தது.

மின்மிதிவண்டியின் வரலாறும் பழையதே. ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்று, பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் அமைந்த மிதிவண்டிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மிதிப்பவரின் உந்துதலுக்கேற்பத் துணைபுரியும் வண்டியை யமஹா 1993-இல் ‘பாஸ்’ என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஐரோப்பாவில் போஷ் போன்ற நிறுவனங்கள் பெடல் அச்சைச் சுற்றியே மோட்டாரை அமைத்தன. ஜெர்மனியில் 2023-இல் விற்ற மிதிவண்டிகளில் பாதிக்கும் மேல் மின்மிதிவண்டிகள், எண்ணிக்கையில் ஏறத்தாழ 21 லட்சம். கடையில் நிகழ்ந்த இந்த மாற்றத்தோடு பல வீடுகளில் பழைய ஸ்டாண்டும் பயனற்றுப்போனது.

வகைப்பாடு

வண்டியை எங்கே பிடிக்கிறது என்பதைக்கொண்டு ஸ்டாண்டுகளைப் பிரிப்பதே பொருத்தம். கால்களின் எண்ணிக்கையைக்கொண்டு பிரிப்பது விற்பனைப் பட்டியலுக்கு உதவும், பழுதுபார்ப்பவருக்கு உதவாது.

கவ்வி ஸ்டாண்டு சீட்டைத் தாங்கும் குழாயைப் பிடிக்கும். இதுவே ஹாக்கின்ஸும் எங்ஸ்ட்ரமும் செய்த ஸ்டாண்டின் நேர் வாரிசு. ஃபிரேமின் குழாயைக் கவ்வக்கூடாது. மின்மிதிவண்டியின் கீழ்க்குழாய் பேட்டரியை உள்ளடக்கிய தடித்த கூடு, கவ்வியின் வாய்க்குள் அது அடங்குவதே அரிது. கார்பன் ஃபிரேமாக இருந்தால் நசுங்கும். பொத்தானை அழுத்தினால் உயர்ந்து தாழும் சீட் குழாய் உள்ள வண்டியில் உள்ளே சென்று வரும் வழவழப்பான பகுதியைக் கவ்வாமல், அதன் வெளிக்குழாயை மட்டுமே கவ்வவேண்டும். கவ்வ இடம் போதாமல் சீட்டை உயர்த்துபவர்கள், குழாயில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்தய மெக்கானிக்குகள் விரும்பும் அச்சு ஸ்டாண்டில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஃபோர்க்கையோ பின்பகுதியையோ பூட்டுவார்கள். பெடல் அச்சின் அடிப்பகுதி ஒரு தொட்டில் மேல் அமரும். பெடல் அச்சைச் சுற்றி மோட்டார் அமைந்த நடுமோட்டார் வண்டியில் அந்த அடிப்பகுதிதான் மோட்டார். பல வண்டிகளில் அதன் மூடி பிளாஸ்டிக். இவ்வகை வீட்டு மின்மிதிவண்டிக்கு ஏற்றதல்ல.

தரை ஸ்டாண்டு பின் அச்சைத் தாங்கியோ பின்சக்கரத்தைப் பிடித்தோ நிறுத்தும். அச்சைத் தாங்குவதில் சக்கரம் சுழலும், சக்கரத்தையே பிடிப்பதில் சுழலாது. வாங்கும்போது பலர் கவனிக்கத் தவறும் வேறுபாடு இது.

நம் ஊரின் பழைய கனத்த சைக்கிளில் பின்னால் இருந்த அகன்ற ஸ்டாண்டு இங்கே குறிப்பிடத்தக்கது. காலால் மிதித்து வண்டியைப் பின்னோக்கி இழுத்தால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும், செயினுக்கு எண்ணெய் விடலாம், பெடலைச் சுற்றலாம். தனிக் கருவி எதுவும் தேவைப்படாத முழுமையான ஏற்பாடு அது. இன்றைய சரக்கு மின்மிதிவண்டிகள் பலவற்றின் இரட்டைக்கால் ஸ்டாண்டு அதே வேலையைச் செய்கிறது. 50 கிலோவை நெருங்கும் சரக்கு வண்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான வீட்டு ஸ்டாண்டு இல்லை.

வண்டியைத் தலைகீழாகச் சீட்டின் மேலும் ஹேண்டில்பார் மேலும் நிறுத்தும் பஞ்சர் கடை முறை மின்மிதிவண்டிக்கு உகந்ததல்ல. ஹேண்டில்பாரிலுள்ள திரை தரையில் நசுங்கும். ஆயில் பிரேக்கின் சிறு தொட்டியிலிருக்கும் காற்று குழாய்க்குள் ஏறி, பிடி தளர்ந்துபோகலாம்.

எடையும் திருப்புவிசையும்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோ கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். மடக்கக்கூடிய நல்ல ஸ்டாண்டுகள் பல 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று குறிக்கப்படுகின்றன. 27 கிலோ வண்டி அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் கவ்வி பிடிப்பது சீட்டின் கீழே, வண்டியின் ஈர்ப்பு மையம் இருப்பதோ அதற்கு முன்னால். இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று கொண்டால் கவ்வியின் மேல் விழும் திருப்புவிசை சுமார் 80 நியூட்டன் மீட்டர். 14 கிலோ வண்டியில் இது 41 மட்டுமே. பெடல் தண்டின் போல்ட்டை இறுக்கவே 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் போதும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும். கவ்வியின் திருகு சற்றுத் தளர்ந்தால் முன்சக்கரம் பொத்தென்று கீழே இறங்கும். மோட்டார் பின்சக்கரத்திலேயே இருக்கும் வண்டியில் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்வதால் இந்தச் சாய்வு குறையும்.

கவிழ்வது வேறு சிக்கல். ஈர்ப்பு மையத்திலிருந்து தொங்கவிட்ட நூல் ஸ்டாண்டின் கால்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழவேண்டும். மூன்று கால் ஸ்டாண்டில் வண்டியின் முன்பகுதிக்கு நேர் கீழே ஒரு கால் வருமாறு திருப்பிவைப்பது இதற்காகத்தான். இறுகிய பெடலைக் கழற்றக் கீழ்நோக்கி அழுத்தும்போது நூல் விழும் இடமும் நகரும். அந்த வேலையை வண்டி தரையில் நிற்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

தேர்வு

மெக்கானிக்கின் முதுகைக் காக்கப் பிறந்த கருவி, 27 கிலோவை இடுப்புயரத்துக்குத் தூக்கச் சொல்லி அதே முதுகை ஒடிக்கிறது. ஆகவே எவ்வளவு தாங்கும் என்று கேட்கும் முன், யார் தூக்குவது என்று கேட்கவேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே சீட் குழாயை எட்டும் அளவுக்குக் கவ்வி தாழ்ந்து வருகிறதா, கவ்வியபின் கைப்பிடியைச் சுற்றியோ வாயு ஸ்பிரிங்கின் துணையாலோ உயர்த்த வழியுண்டா என்று பார்ப்பது முதல் சோதனை. இல்லையென்றால், ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் கவ்வி ஸ்டாண்டு வேண்டாம், பின் அச்சைத் தாங்கும் தாழ்வான ஸ்டாண்டே மேல். வீட்டில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை செயின், கியர், பின் பிரேக் சார்ந்தவை, பின்சக்கரம் நான்கு விரல் உயர்ந்தாலே அவை நடந்துவிடும். சிறிய முக்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தால் குனியவும் தேவையில்லை.

தூக்குமுன் பேட்டரியைக் கழற்றினால் 3 முதல் 4 கிலோ குறையும். போஷின் 500 வாட்-மணி ‘பவர்டியூப்’ 2.9 கிலோ, 750 வாட்-மணி உள்ளது 4 கிலோவுக்கும் மேல். பூட்டு, கூடை, குழந்தை இருக்கை எல்லாவற்றையும் கழற்றினால் இன்னும் குறையும். பேட்டரி இல்லாத வண்டியில் மோட்டார் எதிர்பாராமல் சுழன்று விரலைச் செயினில் சிக்கவைக்காது என்பதும் சேர்ந்த பயன். கியர் மின்சாரத்தால் மாறும் சில வண்டிகளில் மட்டும், கியரைச் சரிபார்க்கும் நேரத்தில் பேட்டரியை மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.

இன்றைய நிலை

மோட்டாரால் தானே உயர்த்தும் ஸ்டாண்டுகள் கடைகளுக்கு வந்துவிட்டன, பார்க் டூலின் இவ்வகை ஸ்டாண்டு 54 கிலோ வரை தூக்கும். வீடுகளில் மடக்கக்கூடிய மூன்று கால் ஸ்டாண்டே இன்னும் பரவலாக உள்ளது.