நாற்பது டன் எல்லைக்குள் ஒரு விமான நிறுவனம்

வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை மதுரை விமான நிலையத்தில் போய் முடிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டிஷ் விமானப் படை பயன்படுத்திய தளம் அது. இன்று அங்கிருந்து பெரிய விமானங்களும் வெளிநாட்டுக்குப் பறக்கின்றன. ஆனால் மதுரையிலேயே வேர் கொண்ட ஒரு விமான நிறுவனம் இருந்தது என்பதை மாணவர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பாரமவுண்ட் ஏர்வேஸ் என்பது அதன் பெயர். 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கி 2010-இல் நின்றுபோன நிறுவனம் அது. ஐந்தாண்டு வரலாறுதான் என்றாலும், இயற்பியலும் வரிச் சட்டமும் கைகோத்து ஒரு தொழிலை எவ்வாறு வளர்க்கும், எவ்வாறு வீழ்த்தும் என்பதை அறிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1953-ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டத்தால் தனியார் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. உள்நாட்டுப் போக்குவரத்து இந்தியன் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது. சிற்றூர்களை இணைப்பதற்கென்றே 1981-இல் வாயுதூத் தோன்றியது. கான்பூரில் தயாரான 19 இருக்கை டோர்னியர் விமானங்களைக் கொண்டு நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற இடங்களுக்கும் அது பறந்தது. நட்டத்தில் மூழ்கி 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. அடுத்து, காற்றாலைத் தொழில் செய்துவந்த சென்னையின் என்.இ.பி.சி. நிறுவனம் பழைய ஃபாக்கர் விமானங்களுடன் வானில் இறங்கியது. 1997-இல் அதுவும் ஓய்ந்தது.

இப்படிப்பட்ட களத்தில்தான் மதுரையைச் சேர்ந்த ஒரு நூற்பாலைக் குழுமம் துணிந்து இறங்கியது. நிர்வாக இயக்குநர் எம். தியாகராஜன். பழைய விமானங்களை வாங்காமல், பிரேசில் நாட்டின் எம்ப்ரயர் 170, 175 ஆகிய புதிய தாரை விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இந்தியாவில் இவ்வகை விமானத்தை முதன்முதலில் இயக்கியவர்கள் இவர்களே. வரிசைக்கு நான்கு இருக்கைகள்; இருவருக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் இருக்கை கிடையாது. எல்லா இருக்கைகளும் உயர் வகுப்பு என்றே விற்கப்பட்டன. சென்னையை மையமாகக் கொண்டு மதுரை, கோவை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, திருவனந்தபுரம் முதலிய நகரங்களை அவர்கள் இணைத்தார்கள்.

எழுபது இருக்கை விமானம் ஏன்? 180 பேர் செல்லும் விமானத்தைக் காட்டிலும் சிறிய விமானத்தில் ஓர் இருக்கைக்கான செலவு கூடுதல் ஆயிற்றே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை விமானத்தின் எடையில் இருக்கிறது.

ஒவ்வொரு விமானத்துக்கும் உச்சப் புறப்பாட்டு நிறை என்று ஓர் அளவு உண்டு. எரிபொருள், பயணிகள், சரக்கு அனைத்தையும் சேர்த்து, அதற்கு மேல் எடையுடன் தரையை விட்டு எழக்கூடாது. போயிங் 737-800 விமானத்துக்கு இது சுமார் 79 டன். எம்ப்ரயர் 170-க்கு 36 முதல் 37 டன் வரை. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு விற்பனை வரி 29 சதவீதமாக இருந்தது. 2007-08 மத்திய வரவு செலவுத் திட்டம் ஒரு சலுகை தந்தது: காலமுறைப்படி பறக்கும் நிறுவனங்களின் 40,000 கிலோவுக்குக் குறைவான விமானங்களுக்கு வரி 4 சதவீதம் மட்டுமே. அதற்கு முந்திய ஆண்டில் சுழல்விசிறி விமானங்களுக்கு மட்டும் இருந்த சலுகை இது. இப்போது சிறு தாரை விமானங்களுக்கும் விரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் எரிபொருளைப் பெரிய விமானம் 129 ரூபாய்க்கு வாங்கும்போது சிறிய விமானம் 104 ரூபாய்க்கு வாங்குகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்! விமானத் தொழிலில் எரிபொருளே செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கும் என்பதை நினைவிற்கொண்டால் இதன் மதிப்பு விளங்கும். எண்பதுக்குக் குறைந்த இருக்கைகள் உள்ள விமானங்களுக்கு இறங்கு கட்டணமும் கிடையாது.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சிற்றூர்களுக்குச் செல்லும் விசிறி விமானங்களை மனத்தில் வைத்தே இச்சலுகைகள் பிறந்தன. சென்னை–பெங்களூரு போன்ற நெரிசல் மிக்க தடத்தில் பறக்கும் தாரை விமானமும் அதே சலுகையைப் பெற்றது. சட்டம் ஊரைப் பார்க்கவில்லை, எடையைப் பார்த்தது. நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. எல்லைக்கோட்டை வரைந்தவர்கள்தான் யோசித்திருக்கவேண்டும்.

இயற்பியல் மாணவர்களுக்கு இதில் இன்னும் சுவையான பகுதி விசிறிக்கும் தாரைக்கும் உள்ள வேறுபாடு. நொடிக்கு 100 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளினாலும், 50 கிலோ காற்றை 20 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்தம் ஒன்றே: 1,000 அலகு. ஆனால் செலவாகும் இயக்க ஆற்றல்? முதலாவதில் 5,000 ஜூல். இரண்டாவதில் 10,000 ஜூல். மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளும் பெரிய விசிறி ஏன் சிக்கனமானது என்பது இப்போது தெளிவாகும். சென்னை–மதுரை போன்ற குறுந்தொலைவில் தாரை விமானம் உயரே ஏறி முடிப்பதற்குள் இறங்கவேண்டிய நேரம் வந்துவிடுகிறது. அதன் வேகத்தால் மிச்சமாவது சில நிமிடங்களே.

வெப்பமும் ஒரு பகைவன். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட மதுரைக் கோடையின் 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கை அதே ஏற்றத்தைத் தர விமானம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடவேண்டும். எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது. ஆகவே ஓடுபாதை நீளமாக வேண்டும், அல்லது சுமையைக் குறைக்கவேண்டும். எடை குறைந்த விமானத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

இத்தனை சாதகங்கள் இருந்தும் ஏன் வீழ்ந்தது? விமானங்கள் ஐந்து மட்டுமே. ஒன்று பழுதாகி நின்றால் அன்றைய வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் குத்தகை. விமானக் குத்தகைப் பணம் பொதுவாக டாலரில் கட்டப்படுவது. பயணச்சீட்டு விற்பது ரூபாயில். 2008 தொடக்கத்தில் சுமார் 39 ரூபாயாக இருந்த டாலர் 2009 தொடக்கத்தில் 50 ரூபாயை எட்டியது. ஒரு பயணிகூடக் குறையாமல் இருந்தாலும் வாடகைச் சுமை கால்பங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. வரிச் சலுகை சதவீதத்தில் இருந்ததே தவிர, அடிப்படை விலையைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை. விமானங்களை வாடகைக்குத் தந்தவர்களுடன் தகராறு முற்றி, வழக்குகளாகி, 2010-இல் விமானங்கள் கைவிட்டுப் போயின. சேவை நின்றது.

சீனாவில் இதே காலத்தில் நடந்தது வேறு. ஹைனான் குழுமம் 2006-இல் ஒரே மூச்சில் 50 சிறு விமானங்களும் 50 எம்ப்ரயர் 190 விமானங்களும் வாங்க ஒப்பந்தம் செய்தது. அவற்றைக் கொண்டு வளர்ந்ததே தியன்ஜின் ஏர்லைன்ஸ். எம்ப்ரயரின் சிறு விமானங்களை ஹார்பின் நகரிலேயே 2003 முதல் 2016 வரை கோத்து உருவாக்கினார்கள். ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெருங்குழுமமும் கடனில் சிக்கி 2021-இல் திவால் வழக்கில் நின்றது.

நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய உடான் திட்டம் எல்லைக்கோட்டை வேறு இடத்தில் வரைந்தது: விமானத்தின் எடையை மட்டும் பாராமல், எந்த ஊருக்குப் பறக்கிறது என்பதைப் பார்த்து உதவி தருகிறது. ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. இழப்புக்கு ஈடாக மானியம். 2018 மார்ச்சில் சேலத்துக்கு விமானம் வந்தது இதனால்தான். இயக்கிய ட்ரூஜெட் நின்றுபோனதும் அந்தச் சேவையும் நின்றது. 2023 அக்டோபரில் வேறொரு நிறுவனத்தின் விசிறி விமானம் மீண்டும் அங்கே இறங்கியது. அதே 2023-இல் ஸ்டார் ஏர் என்ற நிறுவனம் எம்ப்ரயர் 175 விமானங்களை இயக்கத் தொடங்கியது. பாரமவுண்ட் வைத்திருந்த அதே ரகம்தான்.