வாக்குப் பதிவுக்கு முன்னே வந்த கடிதங்கள்

தேர்தல் என்பது ஒரு நாட்டின் வீட்டுக் காரியம். வீட்டுக் காரியத்தில் அயலார் தலையிடலாகாது என்பதை எந்த நாட்டவரும் மறுக்கமாட்டார். ஆயினும் தேர்தல் என்னும் வழக்கம் தோன்றிய நாள் முதலாகவே அயலார் கை அதில் நுழைந்து வந்திருக்கிறது. போலந்து நாட்டில் மன்னரையே பிரபுக்கள் ஒன்றுகூடித் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. அத்தேர்தல்களில் பிரான்சும் ஆஸ்திரியாவும் ருஷ்யாவும் பொன்னைக் கொட்டின. வேண்டியபோது படையையும் அனுப்பின. 1764-ல் ருஷ்யப் பேரரசி காதரீனின் ஆதரவு பெற்ற ஸ்தனிஸ்லாவ் பொனியாதோவ்ஸ்கி, ருஷ்யத் துருப்புகளின் நிழலிலேயே மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவரே கடைசி மன்னருமானார். 1795-ல் போலந்து என்ற நாடே ஐரோப்பாவின் படத்தினின்று மறைந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடு பிறந்து சில ஆண்டுகளிலேயே இத்தொல்லையைக் கண்டது. 1796-ல் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலின்போது, பிரெஞ்சுத் தூதர் அடே என்பவர் பிலடெல்பியாப் பத்திரிகையொன்றில் தம் அரசின் கண்டனக் கடிதங்களை வெளியிட்டு, ஜெபர்சனுக்கு ஆதரவு திரட்ட முயன்றார். பலிக்கவில்லை. ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகள் பெற்று வென்றார். ஜெபர்சனுக்குக் கிடைத்தவை 68.

பொன்னும் படையும் இல்லாமல், காகிதத்தைக் கொண்டே தேர்தலில் தலையிடலாம் என்பதை அடே காட்டினார். பின்னாளில் இம்முறை மிகவும் நயமாக வளர்ந்தது. வாக்குப் பதிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு கடிதம் வெளிவரும். அது மெய்யா பொய்யா, யார் எழுதியது, யார் வெளியிட்டது என்று ஆராய அவகாசம் இராது. மக்கள் வாக்களித்து முடித்து, ஆட்சியும் அமைந்த பின்னரே விடை கிடைக்கும். கணினிக்குள் புகுந்து திருடும் ஹேக்கிங் என்னும் வித்தையைப் பற்றி இன்று எழும் விவாதங்களையெல்லாம் கேட்கும்போது, இப்பழைய கடிதங்களின் நினைவே நமக்கு வருகின்றது.

முதலில் 1888-ஆம் ஆண்டின் கதையைப் பார்ப்போம். அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குரோவர் கிளீவ்லாந்து. குடியரசுக் கட்சியின் சார்பில் அவரை எதிர்த்து நின்றவர் பெஞ்சமின் ஹாரிசன். இறக்குமதிச் சுங்கவரியைக் குறைக்க வேண்டும் என்றார் கிளீவ்லாந்து. குறைத்தால் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகளுக்கே கொள்ளை லாபம் என்றனர் எதிர்க்கட்சியினர். இவ்வாதத்துக்குச் செவிசாய்க்க நியூயார்க்கில் பெருங்கூட்டம் ஒன்று காத்திருந்தது. பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஐரிஷ் மக்களும் அவர்தம் வழிவந்தோருமே அவர்கள். பிரிட்டன் என்ற பேரைக் கேட்டாலே அவர்களுக்கு இரத்தம் கொதிக்கும். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழ்பவருக்கு ஊர்ச் செய்தி என்றால் நெஞ்சம் ஒருமுறை துடித்து அடங்கும் என்பதை, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்தத் துடிப்பின்மீதுதான் கண்ணி வைக்கப்பட்டது.

கலிபோர்னியாவின் பொமோனா என்ற ஊரிலே ஜார்ஜ் ஆஸ்குட்பி என்ற பழத்தோட்டக்காரர் இருந்தார். குடியரசுக் கட்சி அபிமானி. அவர் 1888 செப்டம்பரில், 'சார்லஸ் மர்ச்சிசன்' என்ற பொய்ப்பெயரில், வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் தூதர் சர் லயனல் சாக்வில்-வெஸ்டுக்கு ஒரு கடிதம் வரைந்தார். தாம் பிறப்பால் ஆங்கிலேயர் என்றும், இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருப்பதாகவும், யாருக்கு வாக்களித்தால் தாய்நாட்டுக்கு நன்மை என்பதைத் தூதரவர்கள் அந்தரங்கமாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் பணிவாகக் கேட்டிருந்தார்.

அனுபவம் மிக்க இராஜதந்திரி ஒருவர் இதனைக் குப்பைக்கூடையில் போட்டிருக்க வேண்டும். சாக்வில்-வெஸ்டோ மரியாதை தவறக்கூடாதென்று பதில் எழுதினார்! தாய்நாட்டுக்கு ஆதரவாக வெளிப்படையாய்ப் பேசும் கட்சி மக்களின் செல்வாக்கை இழக்கும் என்றும், ஆட்சியிலிருக்கும் கட்சி அதனை உணர்ந்தே நடந்துகொள்கிறது என்றும், ஆயினும் அது பிரிட்டனுடன் நட்புறவையே விரும்புகிறது என்றும் சுற்றி வளைத்துத் தம் கருத்தைச் சொல்லிவிட்டார். கிளீவ்லாந்துக்கு வாக்களிக்கலாம் என்பதே இதன் பொருள்.

பதில் செப்டம்பர் மாதத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அது லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகையில் அச்சேறியதோ அக்டோபர் 21-ஆம் தேதி. தேர்தல் நவம்பர் 6-ல். சில நாட்களில் நாடெங்கும் அக்கடிதத்தைப் பற்றியே பேச்சு. நிருபர்கள் தூதரைச் சூழ்ந்துகொள்ள, அவர் வாய் திறந்து நிலைமையை மேலும் கெடுத்துக்கொண்டார். தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு கிளீவ்லாந்து லண்டனைக் கேட்டார். அங்குப் பிரதம மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு அவசரம் காட்டவில்லை. அக்டோபர் 30-ல் அமெரிக்க அரசே தூதரை வெளியேறச் சொல்லிவிட்டது.

தேர்தலில் கிளீவ்லாந்து நாடு முழுவதிலும் ஹாரிசனைவிட ஏறத்தாழ 90,000 வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் தேர்வாளர் குழாத்தில் 168-க்கு 233 என்ற கணக்கில் தோற்றார். நியூயார்க் மாநிலத்தின் 36 வாக்குகள் அவருக்குக் கிடைத்திருந்தால் வெற்றி அவருடையதே. அம்மாநிலத்தை அவர் இழந்தது சுமார் 14,000 வாக்குகளில்தான். கடிதம்தான் அவரைக் கவிழ்த்தது என்று அப்போது பலர் உறுதியாகச் சொன்னார்கள். நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் துணியோம். ஏனெனில் அதே நாளில் அதே நியூயார்க் மக்கள், கிளீவ்லாந்தின் கட்சியைச் சேர்ந்த டேவிட் ஹில்லையே தங்கள் கவர்னராகத் தேர்ந்தெடுத்தனர். சுங்கவரியும் உட்கட்சிப் பூசலும் தம் பங்கைச் செய்திருக்கும். கடிதத்தின் பங்கு எவ்வளவு என்பதை எந்தத் தராசிலும் நிறுத்துக் காட்ட இயலாது. இது மட்டும் தெளிவு: அயல்நாட்டுத் தலையீடு என்று எழுந்த இக்கூச்சலில் வலை விரித்தவர் உள்நாட்டவர், அயல்நாட்டவர் அதில் விழுந்தவர்.

அங்கிருந்து 36 ஆண்டுகள் கடந்து, அட்லாண்டிக் மாகடலின் மறுகரைக்குச் செல்வோம். பிரிட்டனில் முதன்முறையாகத் தொழிற்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்ற ஆண்டு 1924. பிரதம மந்திரி ராம்சே மக்டொனால்டு. அயல்நாட்டு இலாகாவும் அவரிடமே இருந்தது. பொதுவுடைமை ருஷ்யாவின் அரசை அங்கீகரித்து, அதனுடன் உடன்படிக்கையும் செய்துகொண்டார். பாராளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. அக்டோபர் 8-ஆம் தேதி வாக்கெடுப்பில் தோற்றார். அக்டோபர் 29-ல் பொதுத் தேர்தல் என்று அறிவிக்கப்பட்டது.

தேர்தலுக்கு நான்கே நாட்கள் முன்பு, அக்டோபர் 25 சனிக்கிழமையன்று, 'டெய்லி மெயில்' பத்திரிகை ஒரு கடிதத்தைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டது. மாஸ்கோவிலிருந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் சினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. உடன்படிக்கை நிறைவேறப் பாடுபடுக, தொழிலாளரைக் கிளர்ச்சிக்குத் தயார் செய்க, படைவீரரிடையே கருத்தைப் பரப்புக என்றெல்லாம் அதில் கட்டளைகள் இருந்தன. இக்கடிதம் ரீகா நகரிலிருந்து பிரிட்டிஷ் உளவுத்துறையின் வழியாக வந்து, ஏற்கனவே சுமார் இரண்டு வாரங்களாக அயல்நாட்டு அலுவலகத்தில் இருந்தது. ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த மக்டொனால்டு, ருஷ்யாவுக்கு அனுப்ப வேண்டிய கண்டனக் குறிப்பின் நகலைத் திருத்தி அனுப்பினாரேயன்றி, அதற்கு இறுதி ஒப்புதல் தரவில்லை. பத்திரிகையின் கைக்குக் கடிதம் போய்விட்டது என்றறிந்த அதிகாரிகள், அவரைக் கேளாமலே கண்டனத்தை வெளியிட்டுவிட்டனர். அரசாங்கமே கண்டிக்கும்போது கடிதம் மெய்யாகத்தானே இருக்க வேண்டும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. தம் அலுவலகம் வெளியிட்ட குறிப்பைப் பற்றியே பத்திரிகைகளில் படித்தறியும் நிலைக்கு ஒரு பிரதம மந்திரி ஆளானார்.

சினோவியேவ் தாம் அதை எழுதவில்லை என்று மறுத்தார். யார் கேட்டார்கள்? கன்சர்வேடிவ் கட்சி 400-க்கு மேற்பட்ட இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்கட்சியின் இடங்கள் 191-லிருந்து 151 ஆயின. ஆயினும் தொழிற்கட்சி பெற்ற வாக்குகளின் தொகை குறையவில்லை. சுமார் 10 லட்சம் கூடியது! உண்மையில் நிலைகுலைந்தது லிபரல் கட்சியே. 158 இடங்களிலிருந்து 40-க்கு அது சரிந்தது. அச்சம் கொண்ட நடுத்தர மக்கள் லிபரல்களை விட்டுக் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தனர் என்பதே பொருந்துகிற விளக்கம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டப்பட்ட அதே தேர்தலில், லண்டனின் வடக்கு பாட்டர்சி வாக்காளர்கள் மும்பையில் பிறந்த பார்சி வகுப்பினரான ஷாப்பூர்ஜி சக்லத்வாலாவைக் கம்யூனிஸ்டாகவே பாராளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தனர்.

75 ஆண்டுகள் கழிந்தன. 1999-ல், அயல்நாட்டு மந்திரி ராபின் குக்கின் ஆணைப்படி, அவ்வலுவலகத்தின் தலைமை வரலாற்றாசிரியர் கில் பென்னட் இரகசியக் கோப்புகளைப் புரட்டி ஆராய்ந்தார். கடிதம் சினோவியேவ் எழுதியதன்று, பெரும்பாலும் ருஷ்யப் புரட்சியை வெறுத்து நாடு துறந்தோர் புனைந்த போலி என்பதே அவர் கண்ட முடிவு. பத்திரிகைக்கு அதைச் சேர்ப்பித்ததில் பிரிட்டிஷ் உளவுத்துறை வட்டாரத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றும் கருதினார். சினோவியேவ் இதைக் கேட்க இருக்கவில்லை; 1936-லேயே ஸ்டாலினின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்றை நாம் மறைக்கலாகாது. கம்யூனிஸ்ட் அகிலம் பிற நாடுகளின் கட்சிகளுக்குப் பணமும் கட்டளையும் அனுப்பியது மெய். அந்த மெய்தான் இந்தப் பொய்க்குச் சட்டை தைத்துக் கொடுத்தது.

1888-ன் கடிதம் மெய். அதை வரவழைத்த சூழ்ச்சி பொய். 1924-ன் கடிதமே பொய். 2016-ல் அமெரிக்காவில் வெளிவந்தவையோ மெய்யான கடிதங்கள், ஆனால் திருடப்பட்டவை. அவ்வாண்டு மார்ச்சு மாதம், ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, அவருடைய கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, கூகுள் நிறுவனம் அனுப்பியது போன்ற எச்சரிக்கை ஒன்று வந்தது. அது தூண்டில். அதன்வழியே பல்லாயிரம் மின்னஞ்சல்கள் களவு போயின. ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகக் கணினிகளிலும் திருடர் புகுந்தனர். அங்கிருந்து எடுத்த சுமார் 20,000 அஞ்சல்கள், கட்சி மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னதாக, ஜூலை 22-ல் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளிவந்தன. பொடெஸ்டாவின் அஞ்சல்கள் அக்டோபர் 7 முதல் பகுதி பகுதியாக வந்தன. அதே நாளில்தான், இக்களவின் பின்னால் ருஷ்ய அரசு இருப்பதாக அமெரிக்க அரசும் அறிவித்தது. இரண்டில் எது மக்களின் செவிக்கு எட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பின்னர் எழுந்த வாதப் போர் நீண்டது. தேர்தலே களவு போயிற்று என்ற அளவுக்கு ஒரு சாரார் பேசினர். வென்ற டொனால்டு டிரம்ப், எல்லாம் கட்டுக்கதை என்றார். 2018 ஜூலையில், ருஷ்ய இராணுவ உளவுப் பிரிவின் 12 அதிகாரிகள்மீது தனி வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் குற்றச்சாட்டு வனைந்தார். ருஷ்யத் தலையீடு விரிவாகவும் திட்டமிட்டும் நடந்தது என்று 2019-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை உரைத்தது. டிரம்ப் குழுவினர் அதில் கூட்டுச்சதி செய்ததாக நிறுவப்படவில்லை என்றும் அதுவே கூறியது. ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. வாக்குக் கணக்கு மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆயினும் நாடு முழுவதிலும் சுமார் 28 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்ற கிளிண்டன், மூன்று மாநிலங்களில் மொத்தம் ஏறத்தாழ 78,000 வாக்குகளில் தோற்றிருந்தமையால், 1888-ல் போலவே, 'அக்கடிதங்கள் இல்லையானால்' என்ற கேள்வி விடையின்றி நிற்கின்றது.

அமெரிக்காவும் இவ்வழக்கில் குற்றமற்ற வாதியன்று. 1948-ல் இத்தாலியத் தேர்தலில் பொதுவுடைமையரைத் தோற்கடிக்க அது இரகசியமாகப் பணம் வழங்கியது. 1946 முதல் 2000 வரை இவ்விரு வல்லரசுகளும் பிற நாட்டுத் தேர்தல்களில் 117 முறை தலையிட்டன என்று டோவ் லெவின் என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார். அவற்றுள் 81 அமெரிக்காவினுடையவை.

2017-ல் பிரான்சின் முறை வந்தது. மே 7-ல் ஜனாதிபதித் தேர்தலின் இறுதிச் சுற்று. மே 5 வெள்ளிக்கிழமை இரவு, எம்மானுவேல் மக்ரோனின் குழுவினரிடமிருந்து திருடிய அஞ்சல்கள், போலிகளும் கலந்து, இணையத்தில் கொட்டப்பட்டன. நள்ளிரவில் பிரசாரம் ஓய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்; ஆகவே மக்ரோன் தரப்புக்கு விரிவாக மறுக்க நேரமில்லை. ஆனால் அச்சட்டம் இரு பக்கமும் வெட்டியது. அஞ்சல்களின் உள்ளடக்கத்தை வெளியிட வேண்டாமென்று தேர்தல் கண்காணிப்புக் குழு பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. பெரிய பத்திரிகைகள் இணங்கின. ஆராயாமல் அச்சிடமாட்டோம் என்று அவை இரண்டு நாள் பொறுத்தன. 1924-ல் 'டெய்லி மெயில்' பொறுக்காத நான்கு நாட்களை நாம் இங்கே எண்ணிப் பார்க்கலாம். மக்ரோன் 66 சதவிகித வாக்குகளுடன் வென்றார். அத்திருட்டுக்குப் பின்னால் இருந்தது ருஷ்ய இராணுவ உளவுப் பிரிவு என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாக அறிவித்தது 2025 ஏப்ரலில். அதற்குள் அவர் இரண்டாம் முறையும் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.